காலி அறை பொய் சொல்லும்: விண்வெளி வீடுகளை மெய்நிகர் உலகில் கட்டிப் பார்ப்பது

1997 ஜூன் 25 அன்று மீர் விண்வெளி நிலையத்தின் ஸ்பெக்டர் பெட்டகத்தில் புரோகிரஸ் சரக்குக் கலம் மோதியது. காற்று கசியத் தொடங்கியது. செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஸ்பெக்டருக்குப் போகும் ஹேட்சை, அதாவது காற்றுப்புகாத இடைக்கதவை, மூடிவிட வேண்டும். வரைபடத்தில் அது ஒரு வட்டத் திறப்பு, மூடினால் மூடிக்கொள்ளும். நிலையத்தில் அப்படி இல்லை. அந்தத் திறப்பின் வழியே மின்கம்பிகள் கொத்தாக ஓடிக்கொண்டிருந்தன. அங்கிருந்த வீரர்கள் அலெக்சாந்தர் லாசுட்கினும் மைக்கேல் ஃபோலும் அவற்றைக் கழற்றியும் வெட்டியும் விலக்கிய பிறகு, வேறிடத்தில் கட்டி வைத்திருந்த ஒரு மூடியை எடுத்து வந்துதான் அந்த வாயை அடைக்க முடிந்தது.

விண்வெளி வாழிடங்களைக் கணினிக்குள் கட்டிச் சோதிக்கிறவர்கள் மறக்கக்கூடாத நிகழ்வு இது. மெய்நிகர் மாதிரி எப்போதும் சாவி கொடுக்கும் நாளின் வீட்டைக் காட்டுகிறது. சுவர் பளிச்சென்று இருக்கும், நடைவழி காலியாக இருக்கும், கதவுகள் தடையில்லாமல் திறக்கும். மனிதர்கள் வாழப்போவது இருநூறாவது நாளின் வீட்டில். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை எப்படிக் கணினிக்குள் கொண்டுவருவது என்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை.

ஏன் கணினிக்குள்?

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. மரத்திலும் அட்டையிலும் முழு அளவு மாதிரி கட்டலாம். ஹூஸ்டனில் நாசா வைத்திருக்கும் பயிற்சிக் குளத்தில் மூழ்கிப் பார்க்கலாம். 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம் கொண்ட குளம் அது, சுமார் 2.35 கோடி லிட்டர் தண்ணீர் கொள்ளும். விமானத்தைப் பரவளையப் பாதையில் ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு முறையும் 20 முதல் 25 நொடி எடையின்மை கிடைக்கும். ஆனால் மர மாதிரியில் ஒரு சுவரை அரை மீட்டர் நகர்த்தவே ஆள் வேண்டும், நாள் வேண்டும். அதற்குள் கூரையில் படுத்துப் பார்க்க வழியே இல்லை. குளத்தில் மிதக்கலாம், ஆனால் தண்ணீர் அசைவை இழுத்துப் பிடிக்கும், உடைக்குள்ளே உடல் தன் எடையை உணர்ந்துகொண்டேதான் இருக்கும். விமானத்தில் ஒரு பையைத் திறந்து பொருளை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

மெய்நிகர் உலகில் சுவரை நகர்த்த ஒரு நிமிடம் போதும், எந்தக் கோணத்திலும் மிதக்கலாம். ஜான்சன் விண்வெளி மையத்தின் மெய்நிகர் ஆய்வகம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. 1993-இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன குழு அங்கே ஒத்திகை பார்த்தது. கயிறு விடுபட்டு விண்வெளியில் தனியே சுழன்று போகும் வீரர், முதுகில் உள்ள சிறு உந்துபொறியால் திரும்பி வருவது எப்படி என்ற பயிற்சிக்கு இன்றும் ஹெட்செட்தான், அதாவது கண்முன் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர்த் திரைதான். குளத்தில் யாரும் விலகிப் போவதில்லை, விமானத்தில் அதற்கு நேரமில்லை.

இணையத்தில் பலர் கூடும் பொது மெய்நிகர் உலகங்களும் இந்த வேலைக்கு முயன்று பார்க்கப்பட்டவைதாம். 2003-இல் வந்த செகண்ட் லைஃபில் நாசாவின் ஏம்ஸ் மையம் ஒரு தீவையே வைத்திருந்தது. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே அறைக்குள் நின்று 'இந்த மேசை இங்கே வேண்டாம்' என்று பேச முடிந்தது பெரிய வசதி. ஆனால் அந்த உலகின் அடிப்படை அளவுகள் விண்வெளிக்கு ஏற்றவை அல்ல. ஒரு மனை 256 மீட்டருக்கு 256 மீட்டர். கட்டுமானத் துண்டு ஒவ்வொன்றும் நீண்ட காலம் 10 மீட்டரைத் தாண்டக்கூடாது. முழு மனைக்கு அப்போது மொத்தம் 15,000 துண்டுகள்; ஒவ்வொரு குழாயையும் திருகையும் தனித்துண்டாகச் செய்தால் நாலு பெட்டகத்திலேயே கையிருப்பு கரையும். எல்லாவற்றையும் விட, ஈர்ப்பு என்றால் கீழ்நோக்கி மட்டும்தான். சுழலும் வளையத்துக்குள் 'கீழே' என்பது இடத்துக்கு இடம் மாறும். அதை அந்த இயற்பியல் எந்திரத்திடம் சொல்ல வழியில்லை. வேலை அன்ரியல், யூனிட்டி போன்ற கேம் என்ஜின்களுக்கு (கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்களுக்கு) நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2022-இல் செவ்வாய்க் களத்தில் செய்யவேண்டிய பணிகளுக்கான காட்சிகளைப் பொதுமக்களிடம் நாசா கேட்டபோது, அடித்தளமாகக் கொடுத்தது அன்ரியல் என்ஜின் 5.

ஹெட்செட்டுக்கு முன் கால்குலேட்டர்

அழகாகக் கட்டிவிட்டு அப்புறம் அளப்பவர்கள்தான் அதிகம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

உள்விட்டம் 4.2 மீட்டர், நீளம் 6 மீட்டர் உள்ள ஓர் உருளையை எடுத்துக்கொள்வோம். பன்னாட்டு விண்வெளி நிலையப் பெட்டகங்களின் ரகம்தான். கன அளவு 83 கன மீட்டர். பெரிதாகத் தெரிகிறது. இப்போது தரை, கூரை, இரு பக்கச் சுவர் என நான்கு பக்கமும் கருவி ரேக்குகளை அடுக்குங்கள். நடுவில் மிஞ்சுவது ஏறத்தாழ 2.2 மீட்டர் சதுர நடைவழி. 6 மீட்டர் நீளத்துக்கு 29 கன மீட்டர். மொத்தத்தில் 35 விழுக்காடு. இது நம் கணக்கின் கஞ்சத்தனம் அல்ல: பன்னாட்டு நிலையத்திலும் காற்றழுத்தம் உள்ள 1,005 கன மீட்டரில் வாழக் கிடைப்பது 388 கன மீட்டர்தான், அதாவது 39 விழுக்காடு.

நீண்ட பயணங்களுக்கு ஒருவருக்குக் குறைந்தது 25 கன மீட்டர் புழங்குவெளி வேண்டும் என்று நாசா கூட்டிய வல்லுநர் குழு சொன்னது. ஆகவே 83 கன மீட்டர் பெட்டகம், செவ்வாய்ப் பயணக் கணக்கில், ஓராள் வீடு. இந்த ஒரு கணக்கைப் போடாமல் நான்கு படுக்கையை வரைந்து ஹெட்செட்டில் ஏற்றினால், 'விசாலமாக இருக்கிறதே' என்ற பாராட்டுதான் கிடைக்கும். மாதிரியில் ரேக்குகளுக்குப் பின்னால் குழாயும் இல்லை, காற்றாடியும் இல்லை.

அடுத்து, பொறியியல் வரைவிலிருந்து கேம் என்ஜினுக்கு மாற்றும் கட்டம். இங்கே நடக்கும் தவறுகள் சலிப்பூட்டும் வகை, அதனால்தான் தப்பிவிடுகின்றன. வரைவு மில்லிமீட்டரில் இருக்கும். அன்ரியலின் ஓர் அலகு சென்டிமீட்டர், யூனிட்டியின் ஓர் அலகு மீட்டர். பத்து மடங்கு பிழை கண்ணில் பட்டுவிடும். அங்குலத்தில் வந்த ஒரு பாகத்தை வேறு அலகு என்று எடுத்துக்கொண்டு, கண்ணளவில் சரிசெய்தால் வரும் ஐந்து விழுக்காடு பிழை படாது. மருந்து எளிது: ஒவ்வொரு காட்சியிலும் 1 மீட்டர் கனசதுரம் ஒன்றை வையுங்கள், கூடவே அளவு தெரிந்த ஒரு பொருள், உதாரணமாகப் பன்னாட்டு நிலையத்தின் 1.27 மீட்டர் சதுர ஹேட்ச்.

இதைவிடக் குறும்பானது அச்சு மாற்றம். பொறியியல் மென்பொருள்கள் பெரும்பாலும் வலக்கை அச்சு முறையில் (மூன்று அச்சுகளும் எந்தெந்தப் பக்கம் நோக்கும் என்ற ஒழுங்கு) இயங்குகின்றன. அன்ரியலும் யூனிட்டியும் இடக்கை முறை. மாற்றத்தில் ஓர் அச்சின் குறி தவறினால் முழுப் பெட்டகமும் கண்ணாடிப் பிம்பமாக உள்ளே வரும். உருளை சமச்சீரானது என்பதால் யாருக்கும் தெரியாது. ஹேட்சின் கீல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போயிருக்கும், வால்வு எதிர்த்திசையில் திருகும், சோதனை முடிவுகளும் கச்சிதமாகத் தலைகீழாக வரும். ஒவ்வொரு சுவரிலும் எழுத்துள்ள ஒரு பலகையை மாதிரியோடு சேர்த்தே ஏற்றுமதி செய்தால், எழுத்து திரும்பி நிற்பதைக் கண்டதும் விஷயம் வெளியாகிவிடும்.

உள்ளே நுழையும் உடல்

நிற்கும் மனிதனின் பொம்மையை எடையில்லா அறையில் வைத்தால் முதல் தவறு அங்கேயே. எடையின்மையில் தளர்ந்த உடல் நேராக நிற்காது. இடுப்பும் முழங்காலும் சற்று மடங்கி, கைகள் முன்னால் மிதந்து, பார்வை கிடைமட்டத்துக்குச் சுமார் 25 பாகை கீழே சரிந்திருக்கும். 1973-74-இல் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாபில் எடுத்த படங்களிலிருந்து அளந்து வரையறுத்த நிலை இது. இடுப்புக் கோணம் 128 பாகை, முழங்கால் 133 பாகை. ஆளுக்கு ஆள் கணிசமாக மாறுகிறது என்று பின்னாளில் தெரியவந்தது, ஆனால் நேராக நிற்பதில்லை என்பது மட்டும் மாறவில்லை. முதுகெலும்பு நீண்டு உயரம் 3 விழுக்காடு வரை கூடும். பூமியில் கண்ணுக்கு நேராக வைத்த திரை அங்கே சற்று உயரத்தில் இருப்பதாகத் தோன்றும்; உட்கார நாற்காலி வைத்தால் அதில் தங்குவதற்கே வயிற்றுத் தசையை இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். உயர வரம்பையும் அகலமாக எடுக்க வேண்டும்: அமெரிக்க விண்கல வடிவமைப்பில் சுமார் 149 செ.மீ. முதல் 195 செ.மீ. வரை. இரு முனைகளிலும் உள்ள உடல்களைப் போட்டுப் பார்க்காத சோதனை, நடுத்தர உயரக்காரருக்கு மட்டும் வீடு கட்டுகிறது.

நகர்வது எப்படி என்பது அதைவிட முக்கியம். கைப்பிடியில் உள்ள ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் மிதந்து போகும் வகையில் நிரல் எழுதுவது சுலபம். அப்படிச் சோதித்தால் கைப்பிடிக் கம்பிகள் எங்கே வேண்டும் என்பதற்கு விடையே கிடைக்காது. கம்பியே இல்லாத பெட்டகமும் தேர்வில் வென்றுவிடும். கம்பியைக் கையால் பற்றி, இழுத்து, விட்டால் அந்த வேகத்திலேயே போகவேண்டும். எதிரே இன்னொன்றைப் பிடிக்கும்வரை நிற்கக்கூடாது. என்ஜினின் இயல்பு அமைப்புகள் இங்கே சத்தமில்லாமல் ஏமாற்றும். யூனிட்டியில் ஒரு பொருளின் சுழற்சித் தடை எதுவும் செய்யாமல் விட்டாலே 0.05. அதனால் சுழலவிட்ட பை தானாக மெல்ல நின்றுவிடும். எல்லாத் தடைகளையும் சுழியாக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

தலைசுற்றல் உடனே வரும். பார்வை சுழல்கிறது, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு 'நான் நாற்காலியில்தான் இருக்கிறேன்' என்கிறது. திரை நொடிக்கு 90 முறை புதுப்பிக்க வேண்டும், அதாவது ஒரு காட்சிச் சட்டத்துக்கு 11 மில்லிநொடி. தலையை அசைத்ததற்கும் காட்சி மாறுவதற்கும் இடைவெளி 20 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். நகரும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்கிவிட்டால் குமட்டல் குறையும். ஆனால் ஓரப் பார்வையில் படும் சுவரின் நெருக்கத்தைத்தானே அளக்க வந்தோம்? ஆகவே அறையின் நெருக்கத்தை மதிப்பிடும் சோதனையில் அந்த வசதியை அணைத்துவிட்டு, அமர்வை அரை மணிக்குள் முடிப்பதே மேல்.

தூரமும் ஏமாற்றும். ஹெட்செட்டுக்குள் மனிதர்கள் தூரத்தை உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது; புதிய கருவிகளில் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. கண்மணிகளின் இடைவெளி சராசரி 63 மி.மீ.; அணிபவருக்கேற்ப அதைச் சரிசெய்யாமல் விட்டால் அறையே ஊதியோ சுருங்கியோ தெரியும். 'நெருக்கமாக இருக்கிறது' என்ற கருத்தை வாங்கும் முன், அளவு தெரிந்த ஓர் அறையை, சோதனை நடக்கும் அதே அறையை, மெய்நிகரிலும் காட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தொடுகை இல்லாதது மற்றொரு ஓட்டை. கை பலகைக்குள் புகுந்து மறுபுறம் வரும். இறுகிய தாழ்ப்பாளும் விரல் பட்டால் திறக்கும். மெய்நிகர்க் கம்பி இருக்கும் இடத்தில் நிஜமாகவே ஒரு மரக்கம்பியை நிறுத்திவிடுவது மலிவான தீர்வு. கண்ணில் தெரிவதும் கையில் படுவதும் ஒரு சென்டிமீட்டருக்குள் பொருந்தினால் மூளை கேள்வி கேட்பதில்லை. நிலவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்புக்கு, உடலைக் கம்பியில் தொங்கவிட்டு எடையைக் குறைக்கும் கருவியோடு ஹெட்செட்டையும் இணைக்கிறார்கள்; ஜான்சன் மையத்தின் ஆர்கோஸ் அத்தகையது.

கண்ணுக்குத் தெரியாதவை

எடையின்மையில் வெப்பக்காற்று மேலே எழாது. உறங்குபவர் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கும். ஒருவர் நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜனை உள்வாங்கி ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். பன்னாட்டு நிலையத்தில் காற்றை நொடிக்கு 8 முதல் 20 செ.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். கேம் என்ஜினுக்கு இதெல்லாம் தெரியாது. காற்றோட்டத்தைத் தனி மென்பொருளில் கணக்கிட்டு, முடிவை வண்ணப்புகையாக மெய்நிகர் அறையில் படியவிட்டால், 'இந்தத் திரைச்சீலையை இழுத்தால் படுக்கையறைக்குக் காற்றே வராது' என்பதை எல்லாரும் பார்க்கலாம். பார்த்தவுடன் திரைச்சீலையை நகர்த்திவிட்டு அதே பழைய புகையை வைத்துக்கொண்டு பேசுவார்கள். பொருள் நகர்ந்தால் கணக்கு காலாவதி. புகையின் மேலேயே கணக்கிட்ட தேதியை எழுதி வையுங்கள்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேலை இடத்துக்கு என்சி-50, உறங்கும் இடத்துக்கு என்சி-40 என்பது வரம்பு (என்சி என்பது இரைச்சலின் அளவுகோல்; எண் குறைந்தால் அமைதி கூடும்). இருபது நிமிடம் ஹெட்ஃபோனில் கேட்டவர் ஆறு மாதக் காற்றாடி இரைச்சலைப் பற்றி எந்தச் சாட்சியும் சொல்ல முடியாது.

வெளிச்சம் வேறு கதை; மெய்நிகர் உலகம் அதிகம் உதவுவது இங்கேதான். நிலவின் தென்துருவத்தில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஒன்றரைப் பாகை அளவே எழும். அப்போது இரண்டு மீட்டர் உயரமுள்ளவரின் நிழல் 76 மீட்டர். ஹேட்ச் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், ஏணியின் கடைசிப் படி எந்நேரமும் இருட்டிலேயே கிடக்குமா என்பதையெல்லாம் பூமியில் பெரிய விளக்கை வைத்து முழுமையாகக் காட்ட முடியாது. நிலவைச் சுற்றிவரும் எல்ஆர்ஓ விண்கலத்தின் லேசர் உயரமானி தந்த தரவை அன்ரியல் என்ஜின் 5-இல் ஏற்றி, டஸ்ட் என்ற பெயரில் நாசா உருவாக்கிய கருவி இதைத்தான் செய்கிறது. பயன்படுத்தும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். என்ஜினின் வளிமண்டலப் புகைமூட்டத்தை அணைக்க வேண்டும். கண் பழகுவதுபோல் வெளிச்சத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காரிருள் நிழலும் இதமான சாம்பலாகத் தெரியும். மூன்றாவது, தரவின் இடைவெளி சில மீட்டர் என்றால் அதற்குச் சிறிய பாறைகள் தரவில் இல்லை. காட்சியில் கிடப்பவை புள்ளியியல்படித் தூவியவை. அந்தக் கல்லைத் தவிர்த்துப் பாதை வகுப்பது வீண்வேலை.

இருநூறாவது நாள்

இப்போது அந்தக் காலி அறைக்கு வருவோம்.

விண்வெளிச் சரக்குக்கு ஒரு பொது அலகு உண்டு: சுமார் 50 × 42 × 25 செ.மீ. அளவுள்ள துணிப் பை. கொள்ளளவு 0.053 கன மீட்டர். உணவு, பொதியோடு சேர்த்து, ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.8 கிலோ. நால்வருக்கு 200 நாளுக்கு 1,440 கிலோ. பைக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 72 பைகள், 3.8 கன மீட்டர். உணவு மட்டும் இவ்வளவு. உடை, மருந்து, உதிரிப்பாகம், துடைக்கும் தாள் எல்லாம் தனி. தின்றால் குறையும் என்று எண்ண வேண்டாம்; தின்ற அளவு குப்பை வளர்கிறது, காலிப் பொதியின் பருமன் உணவின் பருமனைப்போல் சுருங்குவதில்லை.

ஆகவே ஒரே வாழிடத்துக்கு மூன்று மெய்நிகர் பதிப்புகள் தேவை: முதல் நாள், நடு நாள், குப்பை ஏற்றிச் செல்லும் கலம் வருவதற்கு முந்தைய நாள். மூன்றாவதில் பைகளை வலைக்குள் அடுக்கி நடைவழியில் கட்டுங்கள். மடிக்கணினிகளைச் சுவரிலிருந்து நீளும் தாங்கிகளில் பொருத்தி நீட்டுங்கள். கம்பிகளை ஹேட்சின் வழியே ஓட்டுங்கள். பிறகு கசிவு மணியை அடித்து, நால்வரையும் அந்தக் கதவை மூடச் சொல்லுங்கள். கதவின் வழியில் குறுக்கிடும் பொருள் ஒவ்வொன்றும் தடுக்கும்படி மோதல் கணிப்பை இயக்கி வைப்பது அவசியம். பெரும்பாலான மாதிரிகளில் வேகத்துக்காக அதை அணைத்திருப்பார்கள். அப்போது ஆட்கள் ஒருவரையொருவர் ஊடுருவிக்கொண்டு ஒரே நேரத்தில் ஹேட்சைக் கடப்பார்கள், வெளியேறும் நேரமும் பிரமாதமாக வரும்.

அண்டை வீட்டுத் தொல்லையும் இப்படித்தான் வெளிவரும். பன்னாட்டு நிலையத்தில் ஒவ்வொருவரும் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். நால்வர் என்றால் எட்டு மணி நேரம். வியர்வை வழிந்து விழாது, ஒட்டிக்கொள்ளும் அல்லது மிதக்கும். அங்கே நோட் 3 பெட்டகத்தில் ட்ரெட்மில், எடைப்பயிற்சிக் கருவி, கழிப்பறை மூன்றும் ஒரே கூரையின் கீழ். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொருந்துகிறது. நால்வரின் ஒருநாள் அட்டவணையை மெய்நிகர் உலகில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் காலை ஏழு மணிக்கு யார் யார் எங்கே காத்து நிற்கிறார்கள் என்பது தெரியும்.

'மேலே' எது என்பதையும் இந்த நெரிசலோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். ஸ்கைலாபின் பட்டறைப் பகுதியில் தரை, கூரை என்று தெளிவான ஒழுங்கு இருந்தது. கலம் வந்து இணையும் பகுதியில் கருவிகள் எல்லாத் திசையிலும் பொருத்தப்பட்டிருந்தன. எடையில்லா இடத்தில் திசை ஒழுங்கு எதற்கு என்று தோன்றலாம், ஆனால் குழுவினரைக் குழப்பியது இரண்டாவதுதான். மெய்நிகரில் விளக்கு ஒரு பக்கம், எழுத்துகள் ஒரே நிமிர்வு என வைத்த பதிப்பையும் அப்படி வைக்காத பதிப்பையும் கொடுத்து, கண்ணைக் கட்டி வேறு நிலைக்குத் திருப்பிவிட்டு, தீயணைப்பானைத் தேடச் சொல்லி நேரம் பார்க்கலாம். பைகள் அடுக்கிய பிறகு அந்த எழுத்துகளே மறைந்துவிடுகின்றனவா என்பது அடுத்த கேள்வி.

அளக்கும்போது 'எப்படி இருந்தது?' என்று கேட்டு விடை வாங்குவது போதாது. கை எட்டிய தூரம், தலை திரும்பிய கோணம், சுவரில் இடித்த எண்ணிக்கை, ஒருவருக்கொருவர் வழிவிட்ட முறை எல்லாவற்றையும் கணினி தானே பதிகிறது. பணிச்சுமைக்கு நாசா-டிஎல்எக்ஸ் வினாத்தாள், குமட்டலுக்கு அதற்கென உள்ள தனி வினாத்தாள். குமட்டல் மதிப்பெண் உயர்ந்த அமர்வின் மற்ற எண்களை நம்பக்கூடாது. ஓய்ந்துபோனவர் எந்த அறையையும் நெருக்கம் என்பார்.

சுழலும் வீடுகள்

வீட்டையே சுழற்றினால் உள்ளே இருப்பவருக்கு ஈர்ப்புபோன்ற எடை கிடைக்கும். 1975-இல் ஏம்ஸ் மையத்தில் கோடைகால ஆய்வுக்குக் கூடியவர்கள் வடிவமைத்த ஸ்டான்ஃபோர்ட் வளையம் 10,000 பேருக்கானது. விட்டம் 1.8 கி.மீ., குழாயின் தடிமன் 130 மீட்டர், நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்தக் காலத்து ஓவியங்கள் அழகானவை. ஆனால் அங்கே நிற்பவருக்கு எவ்வளவு தூரம் தெரியும்? கணக்குப் போட்டால் தரையோரமாகப் பார்க்கும் கண்ணுக்குச் சுமார் 930 மீட்டர். அதற்குமேல் ஏறிவரும் தரையைக் கூரை மறைத்துவிடும். வளையத்தில் ஆறில் ஒரு பங்கு. எங்கும் திரும்பினாலும் ஒரு கிலோமீட்டருக்குள் முடிந்துபோகும் உலகில் நிற்பது எப்படி என்பதற்கு ஹெட்செட்டை விட்டால் வேறு கருவி இல்லை.

சிறிய ஆரத்தில் சிக்கல் கூடுகிறது. நிமிடத்துக்கு 4 சுற்று என்றால் பூமியின் ஈர்ப்புக்கு 56 மீட்டர் ஆரம் போதும். 2 சுற்றுக்கு 224 மீட்டர் வேண்டும். 56 மீட்டரில் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பந்து நேர்கீழே விழாமல் 24 செ.மீ. தள்ளி விழும், 224 மீட்டரில் 12 செ.மீ. 56 மீட்டர் வளையத்தில் சுழற்சியின் திசையில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடினால் எடை 1.37 மடங்காகும், எதிர்த்திசையில் ஓடினால் 0.69 ஆகும். படிக்கட்டை எந்தத் திசையில் வைப்பது, தண்ணீர்க் குழாயின் கீழே குவளை எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த எண்கள் தீர்மானிக்கின்றன.

இதை என்ஜினில் செய்பவர்கள் முதலில் வளையத்தை உண்மையிலேயே சுழற்றிவிடுகிறார்கள். 56 மீட்டர் ஆரத்தில் விளிம்பு நொடிக்கு 23.5 மீட்டர் ஓடுகிறது. யூனிட்டியின் இயற்பியல் இயல்பாக 0.02 நொடிக்கு ஒருமுறை கணக்கிடுவதால் தரை ஒவ்வொரு முறையும் 47 செ.மீ. தாவும். மேசைமேல் வைத்த குவளை நடுங்கும், சில நேரம் தரைக்குள்ளேயே புகுந்துவிடும். வீட்டை அசையாமல் நிறுத்தி, எதிலும் பிணைக்காத பொருள் ஒவ்வொன்றுக்கும் மையவிலக்கு விசையையும், நகரும் பொருளைப் பக்கவாட்டில் விலக்கும் கோரியோலிசு விசையையும் தனித்தனியே கொடுத்து, சன்னலுக்கு வெளியே விண்மீன்களை மட்டும் சுழற்றுவதே சரியான முறை.

பல கிலோமீட்டர் நீளமுள்ள உருளைகளில் இன்னொரு பிழை காத்திருக்கிறது. 32 பிட் எண்களில் இடத்தைக் குறித்தால், மையப்புள்ளியிலிருந்து 10 கி.மீ. தொலைவில் நுணுக்கம் ஒரு மில்லிமீட்டர்; 32 கி.மீ. தொலைவில் இரண்டு. மலைக்கு அது ஒன்றுமில்லை. முகத்துக்கு அரை மீட்டரில் நீட்டிய சொந்தக் கை இரண்டு மில்லிமீட்டர் துடித்தால் கண் பொறுக்காது. மையப்புள்ளியை ஆளோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஹெட்செட் தொடாத இடம் ஒன்று உண்டு. சுழலும் வீட்டில் தலையைச் சட்டென்று திருப்பினால் உலகமே கவிழ்வதுபோன்ற உணர்வு காதுக்குள் எழும். நின்ற இடத்தில் நிற்பவருக்கு அது வராது. அதற்கு மனிதரைச் சுழற்றும் எந்திரமே வேண்டும்.

நாட்களைச் சோதிப்பது

அரை மணி அமர்வுகள் வடிவத்தைச் சோதிக்கும், சலிப்பைச் சோதிக்காது. அதற்கு ஆட்களை நிஜமாகவே அடைக்க வேண்டியிருக்கிறது. மாஸ்கோவில் 2010-11-இல் ஆறு பேர் 520 நாள் அடைபட்டிருந்தனர். ஹூஸ்டனில் 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை நால்வர், முப்பரிமாண அச்சில் கட்டிய சுமார் 158 சதுர மீட்டர் வீட்டில் 378 நாள் வாழ்ந்தனர். அங்கே மெய்நிகர் உலகின் பங்கு வேறு: வீடு நிஜம், வெளியே உள்ள செவ்வாய்தான் கணினி. ட்ரெட்மில்லில் நடந்தபடி ஹெட்செட்டில் செவ்வாயைக் கடந்தார்கள். மெய்நிகரை எங்கே வைப்பது என்பதற்கு இது நல்ல முன்மாதிரி. தொட்டுப் புழங்கவேண்டியதைக் கட்டிவிடு, கட்டவே முடியாததைத் திரையில் காட்டு.

மெய்நிகர் அறையை 'வாழ்ந்த வீடாக' மாற்றத் தேவையான தரவு வந்ததோ தொல்லியலாளர்களிடமிருந்து. 2022-இல் ஜஸ்டின் வால்ஷ், ஆலிஸ் கோர்மன் இருவரும் வகுத்த ஆய்வில், பன்னாட்டு நிலையத்தின் ஆறு இடங்களில் ஒரு மீட்டர் சதுரங்கள் குறிக்கப்பட்டு 60 நாள் தினமும் படம் எடுக்கப்பட்டன. பழுதுபார்ப்பு மேடை என்று வடிவமைத்த சுவரில் பழுதுபார்ப்பு ஏறக்குறைய நடக்கவில்லை. பொருள்களைச் செருகி வைக்கும் இடமாகவே அது பயன்பட்டது. எதற்கென்றும் ஒதுக்காத ஒரு சுவர், கழிப்பறைக்கும் உடற்பயிற்சிக் கருவிக்கும் பக்கத்தில் இருந்ததால், குளியல் பொருள்களைத் தொங்கவிடும் இடமாகிவிட்டது. அடுத்த வாழிடத்தின் மூன்றாவது பதிப்பில் எந்தச் சுவரில் எத்தனை பையை ஒட்டுவது என்பதற்கு இந்தப் படங்கள் தொடக்கம். வெல்க்ரோ பட்டை எங்கே இருக்கிறதோ அங்கே பொருள் சேரும் என்று வைத்துக்கொண்டு, பட்டைகளை முதலில் வரைந்துவிட்டுப் பைகளை அப்புறம் அடுக்குங்கள்.